எடை மேடை – 14: ஓரத்தில் நின்றவன்

லாரி மேடைமேல் ஏறி நின்றதும் டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"அக்கா, இன்னிக்குத்தானே பெரிய கோர்ட்டு? காலையிலேயே உங்க முகத்துல ஜட்ஜ் களை வந்துடுச்சே!"

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலது கையை மட்டும் தோள் உயரத்துக்கு உயர்த்தினாள். உள்ளங்கை வெளியே தெரிந்தது.

"சரி சரி, பாரம் இருக்கு" என்று டிரைவர் வாயை மூடிக்கொண்டார். திரையில் எண்கள் துள்ளின, தடுமாறின, பிறகு ஒரு இடத்தில் உட்கார்ந்தன. கை இறங்கியது. அக்கா அவரைப் பார்த்தாள்.

"ம், இப்போ சொல்லுங்க. முதல்ல இதைச் சொல்லுங்க. கூட வந்த ஆள் எங்கே?"

"டீ குடிக்கப் போயிருக்கான்."

"வண்டி காலியா வந்தப்போ மேல உட்கார்ந்து எடை போட்டுக்கிட்டார். ஜல்லி ஏத்தினதும் டீ குடிக்கப் போயிட்டாரா? ஒரு ஆள் எடைக்கு ஜல்லி ஓசியாப் போகுது, அப்படித்தானே? வரச் சொல்லுங்க. ஆள் ஒல்லிதான், அதுக்காக விட்டுட முடியுமா?"

டிரைவர் நாக்கைக் கடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பவர்களுக்கு அந்தக் கை பழக்கம்தான். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடலாம். எத்தனை முறை சொன்னாலும் அலுக்காத விஷயம் அது.

லாரியை ஒரே தடவை எடை போட்டு ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. காலியாக ஒருமுறை, நிரப்பியபின் ஒருமுறை நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. இன்று மேடைக்கு அடியில் மின்சாரக் கருவிகள் இருக்கின்றன. அப்பா காலத்தில் இரும்பு நெம்புகோல்கள் இருந்தன. ஒன்று தாங்கிய பாரத்தைக் குறைத்து அடுத்ததிடம் கொடுக்கும், அது இன்னும் குறைத்து அடுத்ததிடம் கொடுக்கும். கடைசியில் ஒரு லாரியின் மொத்த பாரமும் அறைக்குள் இருக்கும் ஒரு மெல்லிய தண்டின் நுனிக்கு வந்து சேரும். அந்தத் தண்டில் ஒரு குண்டை நகர்த்தி நகர்த்தி, தண்டு மேலும் போகாமல் கீழும் போகாமல் மிதக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். டிரைவர் சீட்டில் புரண்டு உட்கார்ந்தாலும் தண்டு ஆடும். பேச்சு கொடுத்தால் மனுஷன் சும்மா இருப்பாரா? திரும்புவார், சிரிப்பார், தொடையில் தட்டுவார். அதனால்தான் அப்பா கையை உயர்த்துவார்.

அந்தக் கை மெல்ல மெல்ல வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அப்பா செய்தி கேட்கும்போது கை. அம்மா ஊசியில் நூல் கோக்கும்போது கை. அக்கா பரீட்சைக்குப் படிக்கும்போது கை. 'போ' என்று அதற்கு அர்த்தம் இல்லை. 'பாரம் இருக்கு, இரு, உன்னிடம் வருகிறேன்' என்று அர்த்தம். அதனால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. கையை உயர்த்தியவர் அதை இறக்கியதும், காத்திருந்தவரின் முகத்தைப் பார்த்து 'சொல்லு' என்று கேட்க வேண்டும்.

அப்பா போன பிறகு பழைய மேடை துருப்பிடித்து உட்கார்ந்துவிட்டது. அக்காதான் அதைப் பெயர்த்தெடுத்து, ஆழமாகக் குழி தோண்டி, காங்கிரீட் போட்டுப் புது மேடை கட்டினாள். நிலம் அக்கா, தம்பி இருவருக்கும் பொது. தம்பிக்கு ஊருக்குள் மூக்குக்கண்ணாடிக் கடை. பிறந்தபோது கண் மட்டும்தான் தெரிந்தது என்று அக்கா அவனுக்கு வைத்த பெயர் முழியன். காங்கிரீட் போட்ட அன்று முழியன் வந்தான். காலையிலிருந்து மாலைவரை குழியின் ஓரத்தில் நின்றான். எதுவும் சொல்லாமல் போனான்.

அதன்பிறகு அவன் வருவது குறைந்தது, பேசுவது குறைந்தது. பிறகு ஒருநாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. நிலத்தில் பாதி வேண்டுமாம்.

"ஒரு எட்டு அவன் வீட்டுக்குப் போய் 'என்னடா இது'ன்னு கேட்டுட்டு வந்தா என்ன?" என்று அக்காவின் கணவர் அப்போது கேட்டார். "அவன் பேசாம காகிதம் அனுப்பினா, நான் மட்டும் பேசணுமா?" என்று அக்கா நேராக வக்கீலிடம் போனாள்.

முதல் கோர்ட்டில் அக்கா ஜெயித்தாள். பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றவன் பிறகு வந்து பங்கு கேட்க முடியாது என்றார்கள். மேல் கோர்ட்டில் தம்பி ஜெயித்தான். பேசாமல் நின்றதால் நிலம் கைமாறிவிடாது, பிரிக்க முடியாவிட்டால் விற்றுப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்றார்கள். மேடை நட்டநடு நிலத்தில் இருக்கிறது. அதை எங்கே பிரிப்பது? ஆகவே இன்று உச்ச நீதிமன்றம். (இந்தத் தொடரின் நாட்டில் அது டெல்லியில் இல்லை; ஊரிலிருந்து ஒரு பஸ் ஏறினால் போய்விடலாம்.)

*

"உள்ளே போனதும் என்னைக் கூப்பிடுவாங்களா?" என்று அக்கா கேட்டாள்.

கோர்ட்டின் நீண்ட தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் அக்காவும் அவள் வக்கீலும் உட்கார்ந்திருந்தார்கள். வக்கீலம்மா, அக்காவைவிட வயதில் சிறியவர், வழக்குக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"எதுக்கு?"

"நடந்ததைச் சொல்லணுமே. நான் எவ்வளவு பாடுபட்டேன், அவன் எப்படி நின்னான்னு."

"அம்மா, இதை நான் முன்னாடியே சொன்னேன்."

"நீங்க சொன்னீங்க. எனக்குத்தான் ஏறலை."

வக்கீலம்மா கட்டை மூடினார். புரியாதவருக்குப் புரியவைப்பதில் அவருக்குத் தனி ருசி உண்டு.

"உங்க மேடையை வச்சே சொல்றேன். சரக்கு ஏத்தற இடம் முதல் கோர்ட்டு. யார் எங்க நின்னாங்க, யார் என்ன சொன்னாங்க, எல்லாத்தையும் அங்கயே ஏத்திடணும். அதுக்கு மேல இருக்கற கோர்ட்டு, எடை போட்ட விதம் சரியான்னு பாக்கும். உச்ச நீதிமன்றம் ஒவ்வொருத்தர் வண்டியையும் எடை போடறதுக்குன்னு உட்கார்ந்திருக்கலை. நாட்டுல இருக்கற தராசுக்கெல்லாம் ஒரே படிக்கல்லா இருக்கான்னு பாக்கற இடம் அது."

"அப்போ என் வண்டி?"

"உங்க வண்டிக்குள்ள இருக்கற கேள்வி எல்லார் வண்டிக்கும் பொருந்தணும். அப்பத்தான் கதவு திறக்கும். 'என் தம்பி எனக்கு அநியாயம் பண்ணிட்டான்'னா, பாவம்னு சொல்லி அனுப்பிடுவாங்க. 'பொது நிலத்துல ஒருத்தர் கட்டும்போது இன்னொருத்தர் பார்த்துட்டுப் பேசாம இருந்தா அதுக்கு என்ன அர்த்தம்'னு கேட்டா, நிமிர்ந்து உட்காருவாங்க. ஏன்னா ஒரு மேல் கோர்ட்டு ஒண்ணு சொல்லுது, இன்னொரு மேல் கோர்ட்டு நேர்மாறாச் சொல்லுது. இன்னிக்கு அந்தக் கதவு திறக்குமாங்கறது மட்டும்தான். தீர்ப்பெல்லாம் அப்புறம்."

அக்கா தலையாட்டினாள். மனசுக்குள் என்னவோ சப்பென்று ஆனது. மேலே மேலே போகப் போக, கடைசியில் யாராவது ஒருவர் தன் முகத்தைப் பார்த்து 'நீ சொல்லும்மா' என்று கேட்பார் என்றுதான் இத்தனை காலம் படியேறி வந்திருந்தாள்.

தாழ்வாரத்தின் மறுகோடியில் முழியன் நின்றான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மாட்டினான், மறுபடி கழற்றினான். சிறுவயதிலிருந்தே பயந்தால் அதுதான் செய்வான். பக்கத்தில் அவன் மனைவி. கோர்ட் பக்கமே இதுவரை வராதவள். 'எனக்கும் அந்த நிலத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை' என்று இருந்தவள் இன்று ஏன் வந்தாள் என்று அக்காவுக்கு விளங்கவில்லை.

"ஜெயிச்சதும் கைதட்ட ஆள் கூட்டிட்டு வந்திருக்கான்" என்று முணுமுணுத்தாள்.

*

உள்ளே மூன்று நாற்காலிகள், மூன்று நீதிபதிகள். யாரும் அக்காவைப் பார்க்கவில்லை.

நடு நாற்காலியில் இருந்தவர் கேட்டார். "இது அக்கா தம்பி சண்டை. இரண்டு கோர்ட் பார்த்தாகிவிட்டது. இங்கே எதற்கு?"

வக்கீலம்மா எழுந்து, பெஞ்சில் சொன்னதையே கோர்ட் மொழியில் சொன்னார். "ஒரே நாட்டில் ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு சட்டம், அந்தக் கரையில் ஒரு சட்டம் இருக்கிறது, கனம் நீதிபதிகளே. பிரிக்காத நிலத்தில் கட்டிக் குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பமும் இதற்குப் பதில் தெரியாமல் இருக்கிறது."

தம்பியின் வக்கீல் எழுந்தார். "வாய் மூடியிருப்பதெல்லாம் சம்மதமாகிவிடுமா? வீட்டுக்குள் பேசாமல் இருக்க ஆயிரம் காரணம் இருக்கும்."

"என்ன காரணம்? உங்கள் கட்சிக்காரர் ஏதாவது சொல்லியிருக்கிறாரா?"

அவர் காகிதங்களைத் தேடினார். இடது பக்க நீதிபதி தன்னிடமிருந்த கீழ்க்கோர்ட் தீர்ப்பிலிருந்து உரக்கப் படித்தார்.

"'வாதி, காங்கிரீட் போடப்பட்ட அன்று காலையிலிருந்து மாலைவரை குழியின் ஓரத்தில் நின்றார். தன் சகோதரியிடம் எதுவும் சொல்லவில்லை. எதற்காக வந்தீர்கள் என்று கேட்டதற்கு, சும்மா வந்தேன் என்று சாட்சியம் அளித்தார்.' இதில் தகராறு இல்லையே?"

"இல்லை."

கடைசி வரிசையில் ஏதோ கீழே விழுந்தது. அக்கா திரும்பினாள். தம்பி மனைவி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கைப்பை காலடியில் கிடந்தது. அவள் கணவனைப் பார்த்தாள். முழியன் திரும்பவில்லை.

"அப்படியானால் ஏன் நின்றார் என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். அது முடிந்த விஷயம்" என்றார் நடு நாற்காலிக்காரர். "நின்றார், பேசவில்லை. அதன் சட்டப் பலன் என்ன? இதற்குப் பதில் வேண்டும் என்றுதான் எங்களுக்கும் தோன்றுகிறது. அனுமதி தரப்படுகிறது. முடிவு தெரியும்வரை நிலத்தை விற்கக்கூடாது."

அவ்வளவுதான். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வக்கீலம்மா அக்காவின் கையைப் பிடித்து அழுத்தினார். "கதவு திறந்துடுச்சும்மா! எத்தனை பேர் முட்டிப் பார்த்துத் திரும்பிப் போற கதவு தெரியுமா? நீங்க வெளியில இருங்க, நான் உத்தரவு வாங்கிட்டு வந்துடறேன்."

*

தாழ்வாரத்தின் முனையில் குடிதண்ணீர்க் குழாய் இருந்தது. அக்கா முகம் கழுவி நிமிர்ந்தாள்.

"அண்ணி."

அந்த வார்த்தையைக் காதில் கேட்டு எத்தனை காலம்! அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள் தம்பி மனைவி. "உள்ள படிச்சாங்களே, அது நிஜமா?"

"எது?"

"சாயங்காலம் வரைக்கும் நின்னார், எதுவும் சொல்லலைன்னு."

"அவனே ஒத்துக்கிட்டதுதானே. ஏன், கோர்ட்டுக்கு வெளியிலயும் குறுக்கு விசாரணையா?"

குத்தல் அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. "எதுவுமேவா? ஒரு வார்த்தை? என்னைப் பத்தி?"

"உன்னைப் பத்தி என்ன?"

தம்பி மனைவி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அன்னிக்கு நான் ஆஸ்பத்திரியில இருந்தேன், அண்ணி."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதை இறுக்கி மூடினாள். பிறகும் சொட்டியது.

"வயித்துல இருந்தது தங்கலை. அதுக்கு முன்னாடியும் இப்படி ஆயிருக்கு, உங்களுக்குத் தெரியுமே. எல்லாருக்கும் சொல்லி, எல்லாரும் ஆசைப்பட்டு, அப்புறம் எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு... அதனால இந்தத் தடவை யார்கிட்டயும் மூச்சு விடலை. கொஞ்சம் வளரட்டும், அக்காகிட்டதான் முதல்ல சொல்லணும்னு இவர் சொல்லிட்டே இருந்தார்."

"ஏம்மா..."

"இருங்க, சொல்லிடறேன். அன்னிக்குக் காலையில வலி வந்துடுச்சு. அந்த வார்டுக்குள்ள ஆம்பிளைங்களை விடமாட்டாங்க, சாயங்காலம் பார்வை நேரத்துலதான் விடுவாங்க. எனக்குத்தான் அம்மா இல்லையே. 'அக்காவைக் கூட்டிட்டு வாங்க'ன்னு அனுப்பினேன். 'இதோ, போன கால் வந்த காலா வந்துடறேன்'னு ஓடினார். நாள் பூரா அந்தக் கதவையே பார்த்துட்டுக் கிடந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் நீங்கதான்னு நினைச்சேன். சாயங்காலம் இவர் மட்டும் வந்தார். செருப்பெல்லாம் சிமென்ட். 'அக்கா எங்கே'ன்னு கேட்டேன். 'அக்காவுக்கு வேலை இருக்கு'ன்னார்."

"கடவுளே."

"அவ்வளவுதான் சொன்னார். இத்தனை காலமா நான் என்ன நினைச்சிருப்பேன், சொல்லுங்க? புள்ளை போச்சுன்னு தெரிஞ்சும் காங்கிரீட்தான் பெருசுன்னு இருந்துட்டீங்கன்னு நினைச்சேன். உங்க பேச்சை எடுத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். இவர் எந்திரிச்சுப் போயிடுவார். இன்னிக்கு உங்க முகத்தைப் பார்த்து இதைக் கேட்டுடணும்னுதான் வந்தேன். வந்தா, உள்ள படிக்கறாங்க, எதுவும் சொல்லலையாம். சும்மா வந்தாராம்." அவள் சுவரை விட்டு நிமிர்ந்தாள். "சும்மாவா அண்ணி? சும்மாவா வந்தார்?"

அக்காவின் கண்முன் அன்றைய குழி வந்து நின்றது.

காங்கிரீட் ஒரே மூச்சில் போட வேண்டிய பொருள். பாதியில் நிறுத்தினால் முதலில் போட்டது இறுக ஆரம்பித்துவிடும். பிறகு போடுவது அதன்மேல் உட்காருமே தவிர அதோடு சேராது. இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு விழும். பல காலம் கழித்து, லாரிகள் ஏறி ஏறி, அந்தக் கோட்டில்தான் விரிசல் தொடங்கும். எடை மேடைக்கு அடியில் நூலளவு தாழ்ந்தாலும் எடை பொய் சொல்லும். ஆகவே அன்று அக்கா குழிக்குள் இறங்கி, மட்டப்பலகையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூலையாக ஓடிக்கொண்டிருந்தாள். மேலே கலவை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. எல்லாப் பக்கமிருந்தும் அவளைக் கூப்பிட்டார்கள்.

"அக்கா" என்று ஒரு குரல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். முழியன். அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பார்க்க வந்திருக்கிறான்! கையை உயர்த்தினாள். இரு, உன்னிடம் வருகிறேன்.

அவன் வாயை மூடிக்கொண்டு ஓரத்தில் நின்றான்.

வெயில் ஏறிய பிறகு இன்னொரு முறை "அக்கா" என்றான். திரும்பாமலே கையை உயர்த்தினாள். பிறகும் ஒருமுறை. அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை. கடைசி வண்டி போனதும் கையைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தாள். அவன் போயிருந்தான். நின்று களைத்துப் போய்விட்டான்போல என்று நினைத்தாள். மறுநாளிலிருந்து காங்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. அது வறளாமல் பார்த்துக்கொண்டாள். 'சொல்லு' என்று கேட்க மறந்துபோனாள்.

முதல் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறி அவளே சத்தியம் செய்து சொன்னாள்: 'சாயங்காலம் வரைக்கும் நின்னான். அவன் முகத்துல கோபமே இல்லை.' உண்மைதான். கோபம் இல்லை. வேறு என்ன இருந்தது என்று பார்க்க அவளுக்கு அன்று நேரமில்லை.

"கத்தியிருக்கலாமே" என்றாள் அக்கா. "குழியில குதிச்சு என் கையைப் பிடிச்சு இழுத்திருக்கலாமே."

"அதைத்தான் நானும் இப்போ அவர்கிட்ட கேக்கப் போறேன்."

"வேண்டாம்மா. நான் போறேன்."

தம்பி மனைவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "கோர்ட்ல இருந்து நேரா கடைக்குத்தான் போனார்" என்றாள். பிறகு, "இத்தனை நாள் கழிச்சா அண்ணி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் நடந்தாள்.

*

"உட்கார்ந்து சொல்லுங்க" என்றார் வக்கீலம்மா. அக்கா சொல்லச் சொல்ல, உத்தரவு வாங்கி வந்த மலர்ச்சி அவர் முகத்தில் வடிந்துகொண்டே போனது.

"இதை முதல் கோர்ட்டுல அவர் சொல்லியிருந்தா?" அக்கா கேட்டாள்.

"அவர் பேசாம நின்னதுக்கும் நிலத்துக்கும் சம்பந்தமே இல்லைன்னு ஆயிருக்கும். நம்ம கேஸ் அன்னிக்கே படுத்திருக்கும்."

"செத்துப்போன குழந்தையைச் சொல்லி நிலம் கேக்க அவனுக்கு மனசு வரலை."

வக்கீலம்மா உத்தரவுக் காகிதத்தை மடித்தார்.

"இப்போ நான் போய்ச் சொல்லலாமா?"

"சரக்கு ஏத்தற இடத்தைத் தாண்டி வந்துட்டோம்மா. ஏன் நின்னார்ங்கறது முடிஞ்ச விஷயம்னு நீங்க கேக்கவே சொன்னாங்களே."

"அப்போ உள்ள இருக்கற கேஸ் யாரைப் பத்தினது?"

"நிலத்தைப் பார்த்துட்டுப் பேசாம நின்ன ஒரு தம்பி. அதைச் சம்மதம்னு நம்பின ஒரு அக்கா."

"அப்படி யாரும் இல்லையே, வக்கீலம்மா."

தாழ்வாரத்தில் கறுப்பு அங்கிகள் வருவதும் போவதுமாக இருந்தன. வக்கீலம்மா கட்டின் கயிற்றை அவிழ்த்தார், கட்டினார்.

"வாபஸ் வாங்கிட்டா?" என்றாள் அக்கா.

"வாங்கலாம். அப்போ மேல் கோர்ட்டு தீர்ப்பு நிக்கும். நிலம் ஏலத்துக்குப் போகும், மேடையோட. உங்க உழைப்பு எவனோ ஒருத்தனுக்கு. ஒண்ணு மறைக்காம சொல்லிடறேன், எனக்கும் வலிக்கும். இந்த மாதிரி கேள்வி ஒரு வக்கீல் கைக்கு எப்பவாவதுதான் வரும். ஆனா அதுக்காக நீங்க நடத்த வேண்டாம்." கொஞ்சம் யோசித்தார். "இன்னொரு வழி உண்டு. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து, எங்களுக்குள்ள இப்படி முடிவு பண்ணிக்கிட்டோம்னு வந்து நின்னா, எந்தக் கோர்ட்டும் எந்தக் கட்டத்துலயும் ஏத்துக்கும். உச்ச நீதிமன்றம்கூட. அதைவிடச் சுலபமான வழியே கிடையாது."

"சுலபமா?"

"அதுக்கு ரெண்டு பேரும் பேசணும். அவ்வளவுதான்."

*

முழியனின் கடை மாறவே இல்லை. முன்னால் கண்ணாடிச் சட்டங்கள் மாட்டிய சுவர். உள்ளே திரை போட்ட சிறிய அறை. அறையில் இடம் போதாததால் எழுத்துப் பலகையை நோயாளியின் தலைக்குப் பின்னால் மாட்டி, எதிரே ஒரு நிலைக்கண்ணாடி வைத்திருந்தான். கண்ணாடிக்குள் பார்த்தால் பலகை இரண்டு மடங்கு தள்ளித் தெரியும். அக்கா கொடுத்த யோசனை அது. கடை திறந்த அன்று இருவரும் அந்த அறைக்குள் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு முட்டி மோதிச் சிரித்தது நினைவுக்கு வந்தது.

திரை பாதி விலகியிருந்தது. வயதான ஒரு மனிதர் மூக்கில் இரும்புச் சட்டம் மாட்டி உட்கார்ந்திருந்தார். முழியன் ஒரு வில்லையைப் போட்டான், எடுத்தான், இன்னொன்றைப் போட்டான்.

"முன்னதா, இதுவா?"

"முன்னதுதான்... இல்லை, இரு."

"அவசரமில்லை. மறுபடி போடறேன். இதுவா... இதுவா?"

கண்ணின் நினைவு மிகவும் குறுகியது. ஒரு வில்லையில் எப்படித் தெரிந்தது என்பதை அடுத்த வில்லை வருவதற்குள் மறந்துவிடும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அக்காவுக்கு அது தெரியும். தெரிந்தும் வாய் திறந்துவிட்டது.

"டேய் முழியா..."

நிலைக்கண்ணாடிக்குள் அவன் கண்கள் உயர்ந்தன. அவளைப் பார்த்தான். தடித்த வில்லைகளுக்குப் பின்னால், பிறந்தபோது இருந்த அதே பெரிய கண்கள்.

அவன் வலது கை உயர்ந்தது. தோள் உயரத்துக்கு. உள்ளங்கை வெளியே தெரிய.

அப்பாவின் கை. ஒரு விரல்கூட மாறவில்லை.

அக்கா வாயை மூடிக்கொண்டாள். சட்டங்கள் மாட்டிய சுவரின் ஓரமாக நகர்ந்து நின்றாள்.

அது வேலை நேரத்துப் பழக்கமா, அல்லது இத்தனை காலம் சேர்த்து வைத்திருந்த பதிலா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. பெரியவர் எழுந்து போனார். முழியன் கையைக் கழுவினான், வில்லைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டிக்குள் அடுக்கினான். அவள் பக்கம் திரும்பவில்லை. அடுத்து ஒரு பெண் போய் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர். "முன்னதா, இதுவா?" என்ற குரல் மறுபடி கேட்டது.

கால் மரத்தது. வெளியே வெயில் சாய்ந்து, எதிர்க் கடைகளில் விளக்கு எரியத் தொடங்கியது. ஓரத்தில் நிற்பது இவ்வளவு கடினமான வேலை என்று இதற்கு முன் அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

கடையில் வேலை செய்யும் பெண் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "எவ்வளவு நேரமா நிக்கறீங்கம்மா. உட்காருங்க. சார்கிட்ட நீங்க வந்திருக்கறதைச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா" என்றாள் அக்கா. "அவன் பார்த்துட்டான். பாரம் இருக்கு. இறங்கட்டும்."